அம்மா முட்டியில ஊதா பிளாஸ்திரி

வியாசர்பாடில ஃபுட்பால் ஆடுற அக்கா பையன் ஒரு ஞாயித்துக்கிழமை கால்ல ஊதா கலர்ல பட்டை பட்டையா ஒட்டிக்கினு வந்தான், அம்மா அதப் பாத்துட்டு "இன்னாடா கண்ணு, கால்ல ரிப்பன் கட்டினு வந்துக்கிற"ன்னாங்க, அவன் "ஆயா இது கைனிசியாலஜி டேப்பு, ஒட்டுனா வலி கொறையும்"னு சொல்லிட்டான், அவ்ளோதான், அன்னைலேந்து வீட்ல அதே பேச்சு.

அம்மாவுக்கு 63. ரெண்டு முட்டியும் தேய்மானம். வீடு பழைய வண்ணாரப்பேட்டைல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறுறது கூட பரவால்ல, எறங்கும்போதுதான் கம்பியப் புடிச்சிக்கினு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல கால் வெச்சு வெச்சு... விடியக்காலைல காசிமேட்டுக்குப் போயி மீன் வாங்குறது நின்னு போச்சே, அதான் அவங்களுக்கு வலிய விட பெரிய வருத்தம். நான் வாங்கினு வர்ற எந்த மீனும் அவங்க கண்ணுக்கு ஐஸ்ல வெச்ச மீனுதான்.

மொத தடவ நானே ஒட்டுனேன், அது என் தப்பு. எலாஸ்டிக் மாதிரி இருக்கே, நல்லா இழுத்து ஒட்டுனாதான் புடிக்கும்னு நெனச்சு ஃபுல்லா இழுத்து ஒட்டிட்டேன், காலைல பாத்தா ஓரமெல்லாம் செவந்து ரெண்டு எடத்துல கொப்புளம். அம்மா திட்டுனத இங்க எழுத முடியாது.

அப்புறம்தான் பிசியோ கிட்ட போனோம். அந்தம்மா முட்டிய மடக்கி உக்கார வெச்சு, டேப்ப ஒய் மாதிரி நடுவுல கிழிச்சு, தொடைலேந்து முட்டிச் சிப்பிக்கு ரெண்டு பக்கமும் சுத்தி ஒட்டுனாங்க. ரெண்டு முனையயும் இழுக்கவே கூடாதாம், நடுவுல மட்டும் லேசா இழுக்கணுமாம். மூலைய வட்டமா வெட்டிட்டு, ஒட்டுனதும் கையால தேய்க்கணும், சூடு பட்டாதான் பசை புடிக்கும். ஜப்பான்ல கென்சோ காசேன்னு ஒருத்தர் 1970கள்ல கண்டுபுடிச்சது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வீரருங்க ஒட்டிக்கினு வந்தப்பதான் ஊரு உலகத்துக்கே தெரிஞ்சதாம். தேஞ்ச எலும்ப இது வளத்துடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. நானும் வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், அமெரிக்காவுல மூட்டு டாக்டருங்க சங்கம் 2019ல போட்ட கைட்லைன்ல, டேப்ப ட்ரை பண்ணலாம்ங்கற அளவுக்குதான் சொல்றாங்க, எக்ஸர்சைஸும் வெயிட் கொறைக்கறதும்தான் அழுத்தி சொல்லிருக்கு.

அம்மாவுக்கு எக்ஸர்சைஸ்னாலே வலிக்கும்னு பயம். டேப் ஒட்டுன நாள்ல அந்த பயம் இல்ல, சீரியல் பாத்துக்கினே நாற்காலில உக்காந்து கால நீட்டி அஞ்சு எண்ணிட்டு எறக்குறாங்க. விளம்பரம் வந்தா ரெஸ்டு. எனக்கு இது போதும், டேப்புக்கு குடுத்த காசு அதுக்கே செரி.

மூணுலேந்து அஞ்சு நாள் தாங்கும்னு டப்பால போட்டுக்குது. நம்ம ஊரு வேர்வைக்கு ரெண்டாவது நாளே ஓரம் சுருண்டுக்குது, பொடவ வேற மாட்டி இழுக்குது. பிய்க்கும்போது தேங்கா எண்ணெ தடவி, முடி போற பக்கமா மெதுவா எடுக்கணும்.

போன வாரம் ஷேர் ஆட்டோல காசிமேட்டுக்குப் போனாங்க, வஞ்சிரம் வெலயக் கேட்டு சண்ட போட்டுட்டு சங்கரா வாங்கினு வந்தாங்க. மீன் விக்கிற அக்கா பொடவைக்கு கீழ ஊதாவ பாத்துட்டு "எனக்கும் ஒண்ணு வாங்கினு வாயேன்"னுச்சாம். அந்த அக்காவுக்கு சுகரு, கால்ல வேற ஆறாத புண்ணு, அதுமேல போயி இத ஒட்டக்கூடாது, அம்மா "வாங்கியாரேன்"னு வாக்கு குடுத்துட்டு வந்துக்கிறாங்க, நாளைக்கு நான்தான் போயி சொல்லணும்.