திறந்துகொள்ளும் என்றேன்

நான் செய்து கொடுத்த கிட்டாரை, அதை வாங்க வந்தவர் மடியில் வைத்து ஐந்து நிமிடம் வாசித்தார். தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு, "கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கே, இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"புது மரம் சார். வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஸ்ப்ரூஸ் மரத்தில் மேல்பலகை போட்ட கிட்டார் வாசிக்க வாசிக்கக் குரல் தெளியும் என்று செய்கிறவர்களும் வாசிக்கிறவர்களும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சரியான பதில் எனக்குத் தெரியும்: மேல்பலகைக்கு அடியில் உள்ளே ஒட்டுகிற தாங்குகட்டைகளை, அதாவது பிரேஸ்களை, நான் போதுமான அளவு சீவவில்லை.

அதற்கு முன் செய்த கிட்டாரில், தந்திகளைப் பலகையோடு பிடித்துவைக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைத்துக்கொண்டது. ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. பலகையோ 3 மில்லிமீட்டர்கூட இல்லை. இழுப்பைத் தாங்குவதில் பெரும்பங்கு பிரேஸ்களுக்குத்தான். அவற்றின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். அந்தப் புடைப்பைப் பார்த்த பிறகு உளியை எடுத்தாலே கை தயங்கியது. பலகையைத் தட்டிப் பார்ப்பேன். ஒலி சட்டென்று நின்றுவிடும். இன்னும் நாலு சீவல் எடுக்கலாம் என்று காது சொல்லும். கை உளியைக் கீழே வைத்துவிடும். அப்படியே பெட்டியை மூடி ஒட்டிவிட்டேன்.

அப்புறம் மெருகில் முழுமூச்சாக இறங்கினேன். லேக்கரை மெல்லிசாகப் பல பூச்சு அடித்து, நான்கு வாரம் காயவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் சமன் செய்து, முகம் தெரிகிற வரை தேய்த்தேன். உள்ளே விட்டதை வெளியே ஈடுகட்டப் பார்த்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சரி, பயந்து செய்த கிட்டார் நீடித்து உழைக்கும். பலகை எழும்பி ஐந்தாறு வருடத்தில் திரும்பி வருவதைவிட இது மேல் என்று எத்தனையோ இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதையே அவரிடம் சொல்லியிருந்தால் என்ன? "இன்னும் கொஞ்சம் சீவலாம், ஆனால் இந்த ஆபத்து இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று. கேட்டிருப்பார். நிதானமான மனிதர்.

ஒரு வருடம் கழித்து போன் செய்தார். "நீங்க சொன்ன மாதிரியே திறந்துடுச்சு, தெரியுமா?" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. மரம் மாறியதா, அவர் விரல் அதற்குப் பழகியதா, நான் சொன்ன வார்த்தை போய் அவர் காதில் உட்கார்ந்துகொண்டதா? அந்தக் கிட்டாரை நான் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

அடுத்த மாதம் ஃப்ரெட் வேலைக்காக, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைச் சரிசெய்ய, அதைக் கொண்டுவருகிறார். தந்திகளைக் கழற்றினால் ஒலித்துளை வழியாகக் கையை விட்டு பிரேஸ்களை இப்போதும் சீவலாம், அதற்கான சின்ன இழைப்புளி என்னிடம் இருக்கிறது. அவர் திறந்துவிட்டது என்கிற கிட்டாரில் அதைச் செய்வதா? முதலில் அவரையே வாசிக்கச் சொல்லப் போகிறேன்.