கல்விக்கடன் கணக்கு: முதல் வருடம் மிச்சம் பிடிப்பதே பெரிது

கல்விக்கடன் வாங்கிப் படித்து, வேலைக்குப் போய், அதை அடைத்தும் முடித்தவன் என்பதால், சொந்தத்தில் யாருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்பார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் எதில் சிக்கனம் பிடித்தால் கடன் குறையும், எதில் பிடித்தால் உடம்பு மட்டும்தான் குறையும் என்று என்னால் சொல்ல முடியும்.

எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் என் பெரியப்பா மகள். கடன் கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். "எவ்வளவு கடன்னு சொல்லாதடா. வேலைக்குப் போனப்புறம் மாசம் எவ்வளவு கட்டணும், எத்தனை வருஷம் கட்டணும், அதைச் சொல்லு" என்றார். "அது இப்பவே எப்படிக்கா தெரியும்?" என்றேன். "தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போடாத. பேப்பர் எடு" என்றார். அன்று அவர் போட்ட கணக்கை நான் இன்றும் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நான்கு வருடப் படிப்பு. மொத்தக் கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. வருடத் தொடக்கத்தில் 25, 25ஆக எடுக்கிறோம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். அதுவரை தனிவட்டிதான் என்றாலும் தவணை தொடங்கும் நாளில் கடன் 135 ஆகியிருக்கும். வட்டிக்கும் வட்டி போடுகிற கடன் என்றால் 140ஐத் தாண்டிவிடும். அந்த 135ஐ அதே வட்டியில் பத்து வருடத் தவணையாகக் கட்டினால் கையைவிட்டுப் போவது மொத்தம் 214. முதல் மாதத் தவணையில் 63 சதவீதம் வட்டிக்கே போகும். அசல் அசைவதே தெரியாது.

இதுவரைக்கும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அக்கா அடுத்து காட்டியதுதான் எனக்குப் புதிது. முதல் வருடம் வாங்கிய 1 ரூபாய்க்கு ஐந்து வருட வட்டி ஏறி, தவணை தொடங்கும்போது அது 1.50 ஆகியிருக்கும். கடைசியில் அதற்காக நாம் கட்டுவது ஏறக்குறைய 2.38. நான்காம் வருடம் வாங்கிய 1 ரூபாய்க்குக் கட்டுவது 1.90. அதாவது, முதல் வருடம் மிச்சம் பிடிப்பதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் விடுதிகளில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கும். சேர்ந்த புதிதில் புது லேப்டாப், புது போன், வாரம் தவறாமல் வெளியே சுற்றல். கடன் பணம் கணக்கில் வந்து விழுவதால் செலவு வலிக்காது. மூன்றாம் வருடம் முடியும்போது பயம் பிடிக்கும். அப்போது சாப்பாட்டில் கை வைப்பார்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிற பயணத்தைத் தவிர்ப்பார்கள், தேர்வு விண்ணப்பக் கட்டணம் கட்டத் தயங்குவார்கள். வேலை தேடித் தருகிற செலவெல்லாம் கடைசி வருடத்தில்தான் வரும். அங்கே போய்ச் சிக்கனம் பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சம்; நழுவுவது வேலை.

அதனால் முதல் வருடமே இறுக்கிப் பிடியுங்கள் என்கிறேன். எதை இறுக்குவது? டீ, காபியைக் குறைத்து யாரும் கடனை அடைத்ததில்லை. பெரிய செலவு இருக்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு, இந்த மூன்றும்தான். இதில் இருக்குமிடம் சேர்ந்த வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு மாற்றுவது கஷ்டம். நான் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தேன், முறை வைத்துச் சமைத்தோம். வாடகை குறைவு என்று தொலைவில் அறை பிடிப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். தினமும் மூன்று மணி நேரம் வழியில் போனால், மிஞ்சிய வாடகையைவிடப் படிப்பில் இழப்பது அதிகமாகிவிடும். புத்தகத்துக்குச் சீனியர்களும் நூலகமும் போதும். லேப்டாப் பழையதே நன்றாக ஓடும், படிக்கும் துறைக்குக் கனமான மென்பொருள் தேவைப்பட்டாலொழிய.

இதைவிடப் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு, அதை யாரும் சிக்கனம் என்றே நினைப்பதில்லை: படிப்பைக் குறித்த காலத்தில் முடிப்பது. அரியர் விழுந்து ஒரு செமஸ்டர் கூடினால் அந்த ஆறு மாதக் கட்டணம், தங்கும் செலவு, பழைய கடன் மீது ஏறும் வட்டி, வாங்கியிருக்க வேண்டிய அரை வருடச் சம்பளம் எல்லாம் சேர்ந்து போகும். நான்கு வருடம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததை ஒரே செமஸ்டர் விழுங்கிவிடும். பகுதிநேர வேலையைப் பற்றியும் இதனால்தான் எச்சரிக்கிறேன். விடுமுறையில், வார இறுதியில் பார்க்கும் வேலை நல்லது. படிக்கும் துறையை ஒட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கினால் அது வருமானக் கணக்கில் வராது. சரியாகச் சாப்பிடாமல் கிடந்து தேர்வு நேரத்தில் படுத்துக்கொள்வதும் அப்படித்தான்.

படிக்கும்போதே கையில் கொஞ்சம் பணம் வந்தால் (ஸ்டைபண்ட், டியூஷன் எடுப்பது, எதுவானாலும்) அந்தந்த வருட வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் வட்டி மொத்தம் 35. அதைத் தவணை தொடங்கும் முன்பே கட்டிவிட்டால் கடன் 100ஆகவே நிற்கும். கடைசியில் ஏறக்குறைய 20 மிஞ்சும். முழுதாகக் கட்ட முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம்.

இனி, எந்தக் கல்லூரி என்பது. நல்ல பெயருள்ள, செலவு அதிகமான கல்லூரியிலும், வீட்டிலிருந்தே போகக்கூடிய கல்லூரியிலும் இடம் கிடைத்தவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: தவணை தொடங்கும் நாளில் நிற்கும் மொத்தக் கடன், அந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய முதல் வருடச் சம்பளத்தை (பிடித்தம் போகக் கைக்கு வருவதை) தாண்டக் கூடாது. இரண்டும் சமம் என்றால், 10 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை சம்பளத்தில் 16 சதவீதம் வரும். தாங்கலாம். கடன் இரண்டு மடங்கு என்றால் 32 சதவீதம். வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பி, அதையும் கட்டுவது மூச்சு முட்டும்.

சம்பளம் எவ்வளவு வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லூரி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே ஒரு மாணவர் வாங்கிய சம்பளம். சராசரியையும் நம்ப வேண்டாம், அப்படிப்பட்ட நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கிவிடுவார்கள். வகுப்பில் நூறு பேர் என்றால் சம்பள வரிசையில் ஐம்பதாவது ஆள் எவ்வளவு வாங்குகிறார், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று கேளுங்கள். கல்லூரி சொல்லாது, போன வருடம் படித்து முடித்தவர்கள் சொல்வார்கள். இரண்டு கல்லூரிக்கும் அந்த ஐம்பதாவது ஆளின் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால், கூடுதல் கடன் பெயருக்காக மட்டும் வாங்குவது. கௌரவம் பெற்றோருக்கு, தவணை பிள்ளைக்கு!

வெளிநாட்டில் படிக்கப்போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. அங்கே கடனின் அளவைத் தீர்மானிப்பது வாழும் செலவுதான். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு மாணவர்களுக்கு 1989இல் வந்த முறையில், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். இங்கிலாந்திலும் அரசுக் கடன் வருமானத்தைப் பொறுத்தது. 2012 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை சேர்ந்தவர்களுக்கு 30 ஆண்டிலும், 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு 40 ஆண்டிலும் மிச்சக் கடன் தள்ளுபடி. அந்த மாதிரிக் கடனில், சம்பளம் குறைவாக இருக்கும் ஒருவர் அவசரப்பட்டு முன்கூட்டிக் கட்டினால் நஷ்டம்கூட ஆகலாம். சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை நிற்காத கடனுக்குத்தான் நான் மேலே சொன்ன இறுக்கமெல்லாம்.

வேலை கிடைத்த பிறகு செலவைக் கூட்டாமல் கொஞ்ச காலம் மாணவனாகவே இருக்க முடிந்தால் அதற்குப் பலன் உண்டு. முதலில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வேலை போனால் தவணை தவறாமல் இருக்க அதுதான் உதவும். பிறகு தவணையைவிட 20 சதவீதம் கூட்டிக் கட்டுங்கள். பத்து வருடக் கடன் ஏழரை வருடத்தில் முடியும், 214 கட்ட வேண்டிய இடத்தில் 193க்குள் முடியும். கட்டும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? கூடுதலாகக் கட்டுவதை மாதத் தவணையில் குறைப்பார்களா, காலத்தில் குறைப்பார்களா? நாம் சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணைத் தொகையைக் குறைத்துவிட்டு, காலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்து, அடுத்த மாதக் கணக்கு விவரத்தில் அது மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.