கெயினைத் திருகினால் பேஸ் வராது

என் சித்தி மகன் பழைய ஸ்விஃப்ட்டில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) மாட்டிக்கொண்டு கோத்தகிரிக்கு வந்திருந்தான். பாட்டு போட்டால் நம்பர் பிளேட்தான் முதலில் பாடியது. சப்வூஃபரை இயக்கும் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) கெயின், பேஸ் பூஸ்ட் திருகுகள் இரண்டும் கடைசிவரை. "குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது பேஸே கேக்கலண்ணா, அதான் ஃபுல்லா வச்சுட்டேன்" என்றான்.

அங்கே கேட்காததற்குக் காரணம் எஞ்சின். நாலு சிலிண்டர் வண்டி செகண்ட் கியரில் 3000 ஆர்பிஎம்மில் ஏறினால் அதன் உறுமல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். 2400 என்றால் 80. பேஸ் கிட்டார் நடமாடுவதும் அங்கேதான். ஏற்றத்தில் காதை நம்பி கெயின் வைத்தால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் தலைவலி நிச்சயம்.

கெயின் வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் சிலதில் 2 வோல்ட், சிலதில் 4. அதற்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைக்கிற திருகு, அவ்வளவுதான். அளவு தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். பூஸ்ட் இன்னும் மோசம்: 6 டெசிபல் ஏற்றினால் நாலு மடங்கு பவர் கேட்கும். அந்தத் திருகே இல்லாமல் ஆம்ப் விற்றால் நல்லது என்பேன்.

வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சப்வூஃபர் வயரைக் கழற்றினோம். பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் ஃபிளாட், லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) முழுக்கத் திறந்து, ஸ்டீரியோ வால்யூம் முக்கால். பென்டிரைவில் 50 ஹெர்ட்ஸ் டோன். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பிடித்தேன். எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது என்று தெரிய, வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அவனுடைய ஆம்ப் 4 ஓமில் 250 வாட். 1000-இன் வர்க்கமூலம் 31.6 வோல்ட். மீட்டர் அதைக் காட்டியபோது திருகு பாதியைக்கூடத் தொடவில்லை. பையன் முகம் வாடிவிட்டது.

அப்புறம் வயரை மாட்டி, லோ பாஸை 80 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸும் (அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடுவது) அதே 80. டிரைவர் சீட்டில் அவனை உட்காரவைத்து ஃபேஸை (சப்வூஃபர் அலையை நேராகவோ தலைகீழாகவோ அனுப்பும் ஸ்விட்ச்) 0, 180 என்று மாற்றிக் காட்டினேன். 180-இல்தான் பேஸ் முன்னால் வந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

மலை ஏறும்போது கூடுதலாக வேண்டுமென்றால் டாஷ்போர்டுக்குக் கீழே ரிமோட் பேஸ் நாப் மாட்டிக்கொள்ளலாம். அதை முழுக்க வைத்துத்தான் கெயினை மறுபடி அளக்க வேண்டும். பெட்டியையும் டிக்கியில் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது நகர்ந்தால் வயர் பிய்ந்துவிடும்.