கொள்ளிடம் எந்த வேற்றுமை? ஒரு லத்தீன் நாட்குறிப்பு

ஜூன் 24

வகுப்பில் நாங்கள் நாலு பேர். சொல்லித்தரும் ஃபாதர் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். எழுபதைத் தாண்டியவர். டம்ளரைப் பிடித்தால் நடுங்கும் கை, சாக்பீஸைப் பிடித்தால் நடுங்குவதில்லை.

லத்தீன் மேல் எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. தரங்கம்பாடியில் அச்சான பழைய தமிழ் இலக்கணங்களைப் பற்றி ஆய்வு செய்வதாகப் பதிந்துவிட்டேன். அவை லத்தீனில் இருக்கின்றன. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் (அதாவது பேச்சுத்தமிழ்) இலக்கணம் 1738-ல் அங்கேதான் அச்சேறியது. கத்தோலிக்கச் சேசு சபைச் சாமியாரின் புத்தகம், அவர் மறுத்து எழுதிய புராட்டஸ்டண்ட் லூத்தரன்காரர்களின் அச்சகத்தில்! இந்த வேடிக்கையை நம்பித்தான் தலைப்பையே எடுத்தேன். "மொழிபெயர்ப்பை வச்சு ஒப்பேத்திடலாமே சார்" என்று கேட்டதற்கு என் நெறியாளர் பதில் சொல்லாமல் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார். புத்தகம் ஆங்கிலத்தில்.

ஜூன் 28

அமோ, அமாஸ், அமத். நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். 'நான்', 'நீ' தனியாக வேண்டாம், விகுதியே சொல்லிவிடும் என்பதற்கு ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறது. 'வந்தேன்' என்று சொல்லி வளர்ந்தவளுக்கு அந்தப் பக்கம் எதற்கு? ஆனால் அமத் என்றால் அவனா அவளா அதுவா என்று லத்தீன் சொல்லாது. நம் வினை சொல்லும்.

இதைவிடப் பெரிய சமாசாரம் உயிரெழுத்து. லத்தீனில் அஞ்சு குறில், அஞ்சு நெடில், கூடவே ஐ, ஔ மாதிரி இரண்டு கூட்டொலி. எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். இதைக் காட்ட ஆங்கிலப் புத்தகம் எழுத்துக்கு மேல் கோடு போடுகிறது. நான் நோட்டில் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 6

லத்தீனின் ஆறாவது வேற்றுமைக்கு வந்தோம், அப்லேட்டிவ். புத்தகத்தில் இதற்கு இருபதுக்குக் குறையாத பயன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மூன்று நாள் மனப்பாடம் செய்து நாலாம் நாள் மறந்தேன். இன்று ஃபாதரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஏம்மா, பள்ளிக்கூடத்துல நன்னூல் படிச்சியா இல்லையா?"

பலகையில் ஆல், இன், கண் என்று எழுதி மூன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வாளால் வெட்டினான், மலையின் வீழ் அருவி, ஊரின்கண் இருந்தான். மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமை. பழங்காலத்தில் லத்தீனின் மூதாதை மொழியிலும் இவை மூன்றும் தனித்தனியாகத்தான் இருந்தனவாம். பிறகு ஒரே வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. இடத்தைக் குறிக்கும் பழைய உருபு ஊர்ப் பெயர்களிலும் 'வீட்டில்' போன்ற ஓரிரு சொற்களிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபது பயன்களும் எனக்கு மூன்றாகிவிட்டன. ஆங்கிலத்தின் வழியாக இதைப் படித்தது, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குச் சென்னை வழியாகப் போனது மாதிரி.

ஜூலை 20

சீசர் எழுதிய கால் (Gaul) நாட்டுப் போர் வரலாறு ஆரம்பித்தாயிற்று. முதல் பத்தியிலேயே ஆறுகள். கால் இனத்தாரை அக்குவித்தானியரிடமிருந்து கரும்னா ஆறு பிரிக்கிறது, பெல்கரிடமிருந்து மாத்ரோனாவும் செகுவானாவும் 'திவிதித்', பிரிக்கிறது. இரண்டு ஆற்றுக்கு ஒருமை வினையா? இரண்டும் சேர்ந்து ஒரே எல்லை என்பதால் ஒருமை என்கிறது அடிக்குறிப்பு.

ராத்திரி போனில் அப்பாவிடம் கேட்டேன், நமக்கு வடக்கே என்ன எல்லை என்று. வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "காவேரியும் கொள்ளிடமும்தான் பிரிக்குது. இதுக்கா இந்நேரத்துல போன் பண்ணின?" பிரிக்குது! அப்பாவும் சீசர் கட்சி.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தேன். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அம்மா காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்று, லத்தீனில் ஆற்றின் பெயர் பெரும்பாலும் ஆண்பால் என்று வாயை விட்டேன்.

"ஆம்பளைக்கு யாருடி மசக்கைச் சோறு போடுவா?"

பதில் இல்லை.

ஆகஸ்ட் 23

தேர்வு. ஒரு வாக்கியத்தில் 'வெனித்' என்று எழுதிவிட்டு வந்தேன். அது 'வேனித்'. வினாத்தாளில் நெடில் கோடு கிடையாது. உண்மையான உரைநடைப் பதிப்புகள் எதிலும் கிடையாதாம், பாடப்புத்தகத்தில் மட்டும்தான். முன்பின் வாக்கியம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். என் தமிழ் எழுத்துப் பெருமை நாலு மதிப்பெண்ணுக்குப் போனது.

ஃபாதர் சிரித்தார். நம் ஓலைச்சுவடியிலும் இதே கதைதான் என்றார். எ, ஒ குறில் என்று காட்டப் புள்ளி வேண்டும், ஓலை கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள், படிப்பவன் ஊகிக்க வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பிரித்துத் தந்தவராக நாம் சொல்லும் வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், லத்தீனில் ஊறியவர். கோடில்லாமல் அவர் எத்தனை முறை தடுக்கி விழுந்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆதாரமில்லை, ஆய்வேட்டில் எழுத முடியாது. இங்கே எழுதலாம்.

செப்டம்பர் 7

'உர்பெ கப்தா': நகரம் பிடிபட. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் திண்டாடுகிறார்கள். 'மழை பெய்ய, நெல் விளைந்தது' என்பதுதானே! பெய்தது ஒன்று, விளைந்தது வேறு. ஆனால் நம் 'வந்து', 'பார்த்து' லத்தீனுக்கு அவ்வளவு லேசில் வராது. செய்வினையில் இறந்தகால எச்சம் அதில் சில வினைகளுக்கு மட்டுமே உண்டு. எங்கேயாவது நாம் ஜெயிக்க வேண்டாமா?

'குயி, குவே, குவொத்' என்ற இணைப்புப் பெயர்களைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை. 'நேற்று வந்த பையன்' என்று பெயரெச்சத்தில் முடிகிற காரியத்துக்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று ஒரு பட்டாளம்.

செப்டம்பர் 21

திருமானூர்ப் பாலம் தாண்டி ஏலாக்குறிச்சி போய்வந்தேன். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடிய ஊர். திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுப்பாடம். சீசர் பாணியில் சொந்த ஊர் பற்றி ஒரு வாக்கியம். 'அரியலூர்க்காரர்களிடமிருந்து நம்மைக் கொள்ளிடம் பிரிக்கிறது' என்று எழுதி, 'கொள்ளிடம்' என்பதை அப்படியே விட்டுவைத்தேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஃபாதரிடமிருந்து பதில்: "லத்தீனில் அம் என்று முடிந்தால் அது நம் இரண்டாம் வேற்றுமை அம்மா. கொள்ளிடத்தைப் பிரிப்பது யார்?"

முக்கொம்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.