கியூபாவில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கியூபாவின் மக்கள்தொகை 1 கோடியே 10 லட்சம் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள். அது பழைய கணக்கு, தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே 2024 கடைசியில் 97 லட்சத்துச் சொச்சம் என்று சொல்லிவிட்டது. அங்கேயே இருக்கும் ஆய்வாளர் ஹுவான் கார்லோஸ் அல்பிசு-காம்போஸ் அதற்கு முந்தைய வருஷத்துக்கே 86 லட்சம்தான் தேறும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பரப்பளவு ஏறக்குறைய 1,10,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. தலைநகர் ஹவானா, பேசுவது ஸ்பானிஷ், பணம் பெசோ, அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். எனக்கு அந்த மக்கள்தொகை எண்தான் மனதை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் நான் இருப்பது காரைக்குடிப் பக்கம்.

எங்கள் பக்கம் நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் வரி கட்டுகிறவரை அவர்கள் ஊர்க் கணக்கில்தான் வருவார்கள். ஏட்டைப் பார்த்தால் ஊர் நிறைந்திருக்கும், தெருவில் நடந்தால் வரிசையாகப் பூட்டிய வீடுகள், முகப்பில் புறா. கோயிலுக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு நாட்டுக்கு அது சரிப்படாது. கியூபாவில் வெளிநாடு போய் 24 மாதம் ஆகாதவர்கள் உள்ளூர்க்காரர்களாகவே கருதப்பட்டார்கள், கொரோனா வந்ததும் அந்தக் கெடுவையும் நீட்டித்தார்கள், அதனால் போனவர்கள் போன பிறகும் ஏட்டிலேயே இருந்தார்கள்.

போனதோ கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. 2021 நவம்பரில் நிகரகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்றதும், அங்கே விமானத்தில் இறங்கி, தரைவழியாக மெக்சிகோவைக் கடந்து அமெரிக்க எல்லைக்குப் போனார்கள். அடுத்த ஒரே நிதியாண்டில் அந்த எல்லையில் பதிவான கியூபர்கள் 2,20,000-க்கும் மேல். போகிறவர்கள் இளவயதுக்காரர்கள், பிறப்பு விகிதமோ 1970-களின் கடைசியிலிருந்தே குறைவு, ஆக இன்று நாலில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர்.

இதில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது மருத்துவர்கள் கணக்கு. 2021-ல் 1,06,000 பேர், அடுத்த வருஷம் 94,000. ஆள்விகிதத்தில் உலகிலேயே அதிக மருத்துவர்களை வைத்திருந்து, 1963-ல் அல்ஜீரியாவில் தொடங்கி எத்தனையோ ஏழை நாடுகளுக்கு அனுப்பிய நாடு அது. 1961-ல் ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளே லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்குப் போய். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த வேலை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரையும் அப்படித்தான். 1980-களின் கடைசியில் வருஷத்துக்கு 80 லட்சம் டன் அளவில் எடுத்தார்கள். சோவியத் யூனியன் போனதும் வாங்க ஆளில்லை, ஆலைகள் மூடின, 2025-ல் இரண்டு லட்சம் டன்னுக்கும் கீழே. 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரமே போனது. 1962-லிருந்து தொடரும் அமெரிக்கப் பொருளாதாரத் தடை ஒரு காரணம், அரசின் சொந்த முடிவுகளும் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பழைய ஹவானா 1982-லேயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து உத்தேசப் பட்டியலில் காத்திருக்கின்றன. பட்டியலில் இருந்தும் அங்கே மழைக்கு வீடுகள் இடிகின்றன. பராமரிக்கக் காசு வேண்டும், ஆளும் வேண்டும்.

அவர்களின் கடைசி முழுக் கணக்கெடுப்பு 2012, அடுத்தது 2022-ல் வந்திருக்க வேண்டும், தள்ளிப்போனது. நமக்கும் 2011-க்குப் பிறகு 2027-தான். அதனால் வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கெடுக்க வருகிறவர்களிடம் பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்றே சொல்லச் சொல்லுங்கள். பின்கட்டில் காவலுக்குக் குடியிருக்கும் குடும்பம் இருந்தால், அவர்கள் பெயர் ஒன்றுவிடாமல் பதிவாகட்டும்.