கொட்டைப்பாக்கு பணத்துக்குப் பத்து

‘பட்டணத்துக்கு வழி எது என்றால், கொட்டைப்பாக்கு பணத்துக்குப் பத்து என்றானாம்’ என்று ஒரு சொலவடை உண்டு. ஒன்று கேட்டால் இன்னொன்று சொல்பவர்களைக் கிண்டல் செய்ய எங்கள் வீட்டில் தினமும் எடுத்து வீசப்படுவது. பாதிக்கு மேல் சொல்லத் தேவையில்லை, ‘கொட்டைப்பாக்கு’ என்றாலே போதும், அடிபட்டவருக்குப் புரிந்துவிடும்.

இதில் வரும் ‘பணம்’ பொதுவாகக் காசைக் குறிப்பதல்ல, ஒரு நாணயத்தின் பெயர். கும்பினியார் காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்பதால் ரூபாய்க்கு 12 பணம். 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் கணக்கு வந்து பணம் காணாமல் போனது. சொலவடையில் மட்டும் அந்தப் பழைய விலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரூபாய்க்கு 120 பாக்கு! கேட்டால் என் சித்தப்பா மயங்கி விழுவார்.

சித்தப்பாவுக்குக் கும்பகோணத்தில் வெற்றிலைபாக்குக் கடை. காது கொஞ்சம் மந்தம். ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவார். போன மாதம் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தோளில் பையோடு ஒருவர் வந்தார்.

“ஐயா, தாராசுரம் எப்படிங்க?”

“தாராளமா இருக்கு. நூறு கிராம் அறுபது.”

வந்தவர் திகைத்தார். “அறுபது ரூபாயா? ஆட்டோவுக்கா?”

“ஆட்டோ எதுக்கு? கையிலயே எடுத்துட்டுப் போயிடலாம்.”

“இல்லீங்க, கோயிலுக்கு...”

“கோயிலுக்குன்னா கொட்டைப்பாக்குதான். சீவல் சரிப்படாது.”

நான் குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இருநூறு வருடத்துச் சொலவடை கண் முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது யாருக்கு மனசு வரும்? தராசில் பாக்கு கலகலவென்று விழுந்தது. சித்தப்பா முள்ளைப் பார்த்தார், ஒரு பாக்கை எடுத்தார், மறுபடி பார்த்தார், அதையே திரும்பப் போட்டார். பொட்டலம் மடித்து நூல் சுற்றும்போதுதான் சித்தி டிபன் கேரியரோடு வந்தாள்.

“அவர் வழி கேக்கறார்!” என்று காதருகே கத்தினாள்.

“வழியா? அதை முதல்லயே கேக்க வேண்டியதுதானே! தஞ்சாவூர் டவுன் பஸ்ல ஏறி தாராசுரத்துல இறங்குங்க. பக்கந்தான்.” சொல்லிக்கொண்டே பொட்டலத்தை நீட்டினார். அந்த நல்ல மனிதர் அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். பொட்டலத்தில் எண்ணினால் பத்துப் பன்னிரண்டு பாக்கு தேறும். எண்ணிக்கை மாறவில்லை, பணந்தான் அறுபது ரூபாயாகிவிட்டது.

எனக்கென்னவோ சொலவடையில் வரும் கடைக்காரன்மேல் பரிதாபந்தான். காலையிலிருந்து வருகிறவன் எல்லாம் விலைதான் கேட்கிறான். வாய் அசைந்தாலே விலை கேட்பதாகத்தான் தோன்றும், காது நன்றாக இருந்தாலும். பாக்குக் கடையில் நின்று எதையும் வாங்காமல் வழி கேட்டவனை ஏன் யாரும் கிண்டல் செய்வதில்லை? சித்தப்பாவாவது வழியும் சொன்னார், வியாபாரத்தையும் முடித்தார்.

சித்தி விடுவதாக இல்லை. கடை அடைத்ததும் என்னைத் தூது அனுப்பினாள். நானும் மெல்ல ஆரம்பித்தேன். “சித்தப்பா, ஒரு மிஷின் வாங்கிடலாமா? இப்பல்லாம் சின்னதா வருது. வெளியவே தெரியாது.”

“மிஷின்ல வெட்டினா தூளாப் போயிடும்டா” என்றார் சித்தப்பா, பாக்குவெட்டியைத் துடைத்தபடி. “கையால சீவினாத்தான் ருசி.”