"அசைவு தெரியுதா அம்மிணி?"

ஐந்தாம் மாதம் பிறந்ததும் எல்லார் வாயிலும் இதே கேள்விதான். மாமியார் கேட்டார், எடை பார்க்க வந்த நர்ஸம்மா கேட்டார், எங்களிடம் பால் வாங்க வந்த அக்காகூடக் கேட்டார். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. என் கூடவே முழுகாமல் இருந்த நாத்தனாருக்கு 16 வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு இது இரண்டாவது, எனக்குத் தலைச்சன். முதல் பிள்ளைக்கு 18 முதல் 20 வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் தள்ளும் என்று நர்ஸம்மா சொன்னார். சொன்னால் மனசு கேட்கிறதா?

எங்கள் வீடு பல்லடம் பக்கம். சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன். தறி ஓடினால் கட்டிலும் சேர்ந்து அதிரும். அடிவயிற்றில் லேசாக ஏதாவது ஓடினாலும் அது பிள்ளையா, தறியா, மத்தியானம் தின்ற தட்டப்பயறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்தால் பிள்ளை கையையும் காலையும் வீசிக்கொண்டு கிடக்கிறது! எனக்குத்தான் தெரியவில்லை. நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். உதை முதலில் அதன்மேல் பட்டு, நமக்கு எட்டுவதற்குள் தணிந்துவிடுமாம். "தொப்புள்கிட்டத் தேடாதீங்க, பக்கவாட்டுல கவனிங்க. 24 வாரம் ஆகியும் தெரியலைன்னா வந்துருங்க" என்றார் டாக்டரம்மா.

அப்புறம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். தறிகள் ஓய்ந்திருந்தன. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, கண் இமை துடிக்குமே, அந்த மாதிரி இரண்டு துடிப்பு. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். வாயு என்றால் இடம் மாறி ஓடும், இது மாறவில்லை. கத்திக் கூப்பிட்டதில் வீட்டுக்காரர் ஓடிவந்து கையை வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம். வெளியிலிருந்து கைக்குத் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

28 வாரத்துக்கு மேல் எண்ணச் சொன்னார்கள். சாப்பிட்டபின் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். விக்கல் எடுத்தால் தாளம் தப்பாமல் துடிக்கும், அது கணக்கில் சேராது. ஒரு சாயங்காலம் வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி இருந்தது. ஜூஸ் குடித்துவிட்டுத் தூங்கு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல் அப்போதே கிளம்பிவிட்டேன். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத்துடிப்பு பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சும்மா வந்தோமே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

எண்ணிக்கையைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறேன். வரிசையாகப் பத்து, பத்து என்று இருப்பதைப் பார்த்து மாமனார் கேட்டார்: "ஏனம்மிணி, பத்து லிட்டரு ஆருக்கு ஊத்துறோம்?"